நீக்கியதை எத்தனை நாள் நினைவில் வைப்பது?

நினைவுக்குத்தான் முயற்சி வேண்டும், மறதி தானாக வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு மனிதருக்கு, ஒரு மண்டைக்குள், இது ஓரளவு சரி. ஒரே நினைவைப் பலர் பங்குபோட்டு வைத்திருக்கும் இடத்தில் கதை வேறு. அங்கே நினைவு சும்மா கிடந்தாலும் நீடிக்கும். மறப்பதற்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும், செலவு செய்ய வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கொஞ்ச நாளாக என்னைக் குடையும் கேள்வி.

தத்துவப் புத்தகம் படித்து வந்த கேள்வி இல்லை, பிழைப்பிலிருந்து வந்தது. நான் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறவன். பொத்தேரி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் அறை. காலையில் கடற்கரையிலிருந்து வரும் மின்ரயில் பாதிக்கு மேல் காலியாகும் ஊர் இது. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அவர்கள் கல்லூரிக்குப் போகிற நேரத்தில் நான் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போவேன். இரவெல்லாம் பார்ப்பது ஒரே ஒரு வரைபடம்: எந்தக் கணினியில் எவ்வளவு மெமரி நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கோடு.

*

முதலில் சம்பவம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பரிசோதனைக் கூடங்களுக்காக நினைவூட்டல் எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஒரு சேவை. "உங்கள் அடுத்த சர்க்கரைப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது" என்ற வகைச் செய்திகள். அதன் பின்னால் ஆறு கணினிகள் கொண்ட கசாண்ட்ரா கிளஸ்டர். ஒவ்வொரு கணினியையும் நோட் என்போம். ஒவ்வொரு தகவலும் மூன்று நோடுகளில் பிரதியாக இருக்கும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டு பேசும். தலைவர் கிடையாது, ஆறும் சமம். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று நொடிக்கொரு தரம் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். அந்த விசாரிப்புக்குத் தொழிலில் வைத்திருக்கும் பெயரே காசிப், அதாவது ஊர்வம்பு.

ஒருநாள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒரு அழைப்பை என் பக்கம் மாற்றிவிட்டார்கள். மறுமுனையில் ஒரு அம்மா. கோபமே இல்லாத குரல்.

"ஏம்ப்பா, அவரு போயி மூணு மாசம் ஆவுது. நம்பர எடுத்துடுங்கன்னு அப்பவே சொன்னனே. எடுத்துட்டோம்னு நீங்களும் சொன்னீங்க. இன்னிக்கு மறுபடி டெஸ்ட்டுக்கு வரச் சொல்லி அவருக்கு மெசேஜ் வருது."

தேடினேன். அந்த எண் மூன்று மாதம் முன்பு நீக்கப்பட்டது உண்மை. நீக்கிய பதிவு இருந்தது, நீக்கியவர் சரியாகத்தான் செய்திருந்தார். ஆனாலும் எண் இப்போது மூன்று நோடுகளிலும் உயிரோடு உட்கார்ந்திருந்தது, நேற்றுதான் யாரோ பதிந்த மாதிரி.

இது எப்படி நடக்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்று இடத்தில் பிரதி இருக்கும் தகவலை அழிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு நோட் செத்துக் கிடக்கிறது. மற்ற இரண்டும் அழித்துவிட்டன. ரெண்டு நாள் கழித்து மூன்றாவது நோட் எழுந்து வருகிறது. அதன் கையில் அந்த எண் இருக்கிறது, மற்றவர்கள் கையில் இல்லை. இப்போது கிளஸ்டர் என்ன நினைக்கும்? "இவன்கிட்ட இருக்கு, நம்மகிட்ட இல்ல. நாமதான் தவறவிட்டிருக்கோம்." நல்லெண்ணத்தோடு அதை வாங்கி எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். செத்தவர் எழுந்துவிடுவார். தொழிலில் இதற்கு ஸோம்பி என்றுதான் பெயர்.

இதைத் தடுக்க கசாண்ட்ரா ஒரு வேலை செய்கிறது. எதையாவது நீக்கச் சொன்னால் அது உடனே அழிப்பதில்லை. அதன் மேல் "இது நீக்கப்பட்டது, இந்த நேரத்தில்" என்று ஒரு குறிப்பை எழுதிவைக்கிறது. இதன் பெயர் டூம்ஸ்டோன், கல்லறைக்கல். வெளியே போயிருந்த நோட் திரும்பி வந்து "என்கிட்ட இந்த எண் இருக்கே" என்றால், மற்றவர்கள் கல்லைக் காட்டி "அது போயாச்சுப்பா" என்று சொல்வார்கள். கல்லுக்கும் ஆயுள் உண்டு. மாற்றாமல் விட்டால் 8,64,000 நொடி, அதாவது 10 நாள். அதற்குப் பிறகு, பின்னணியில் கோப்புகளைத் தொகுத்துச் சுருக்கும் வேலை நடக்கும்போது கல்லும் போய்விடும். அதற்குள் எல்லா நோடுக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எங்கள் கிளஸ்டரில் அந்த எண் 10 நாள் இல்லை. ஒரு மணி நேரம்.

யார் மாற்றினார்கள் என்று பார்த்தால், நான் வேலையில் சேர்வதற்கு முன்பே நடந்திருக்கிறது. காரணம் மெமரி. அனுப்ப வேண்டிய நினைவூட்டல்களை ஒரு டேபிளில் வரிசையாக வைப்பார்கள், அனுப்பியதும் நீக்குவார்கள். தினமும் லட்சக்கணக்கில் வரும், போகும். எப்போது பார்த்தாலும் வரிசையில் உயிரோடு இருப்பது சில நூறுதான். ஆனால் அந்தச் சில நூறைத் தேடி எடுக்க, நடுவில் கிடக்கும் கல்லறைக்கற்கள் அத்தனையையும் மெமரிக்குள் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும்.

கசாண்ட்ரா ஜாவாவில் ஓடுவது. அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மெமரிப் பகுதியின் பெயர் ஹீப். நிரம்பினால் குப்பை அள்ள வேண்டும். பெரிய அளவில் அள்ளும்போது மற்ற எல்லா வேலையும் அப்படியே நின்றுபோகும். அந்த நேரத்தில் ஊர்வம்பு கேட்டால் பதில் வராது. பதில் வராதவன் செத்தவன் என்று மற்றவர்கள் முடிவு செய்வார்கள். அவனுக்கு வர வேண்டிய செய்திகளைத் தங்கள் கையில் சேர்த்து வைக்க ஆரம்பிப்பார்கள், அதுவும் 3 மணி நேரத்துக்கு மட்டும். அவன் வேலையும் இவர்கள் தலையில் விழும். பிறகு இவர்களில் ஒருவர் திணறுவார். ஒன்றன்பின் ஒன்றாக விழும்.

அந்தக் கிளஸ்டர் மூச்சு திணறியது இல்லாதவற்றின் பாரத்தால். ஒரு ராத்திரி யாரோ ஒருவர் கல்லின் ஆயுளை ஒரு மணி நேரமாகக் குறைத்திருக்கிறார். வரிசை டேபிளுக்கு மட்டும் இல்லை, எல்லா டேபிளுக்கும். மெமரிக் கோடு கீழே இறங்கியது. எல்லோரும் தூங்கப் போனார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு புகாரும் இல்லை. பிறகு ஒரு நோடின் மதர்போர்டு போய் ரெண்டு நாள் வெளியே இருந்தது. அந்த ரெண்டு நாளில்தான் அந்த அம்மா எண்ணை நீக்கச் சொன்னார். அந்த எண்ணின் மூன்று பிரதிகளில் ஒன்று, வெளியே போயிருந்த அந்த நோடில்.

இதில் ஒரு வேடிக்கை. நோட் திரும்பி வந்த வார ஞாயிற்றுக்கிழமை, நோடுகளுக்கு இடையிலான வித்தியாசங்களைச் சரிசெய்யும் வேலை வழக்கம்போல ஓடியது. அதன் பெயர் ரிப்பேர். செத்தவரின் எண்ணை மற்ற இரண்டு நோடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ரிப்பேர்தான்.

*

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விநோதம் இல்லை. பொத்தேரியில் கல்லூரி கிளப்புகளில் பாதி டிஸ்கார்டில்தான் இயங்குகின்றன. அந்த டிஸ்கார்டே 2017ல் ஒரு கதையை வெளிப்படையாக எழுதியது. அவர்களும் அப்போது செய்திகளை கசாண்ட்ராவில்தான் வைத்திருந்தார்கள். திடீரென்று நோடுகள் 10 நொடி, 10 நொடியாக உறைய ஆரம்பித்தன. காரணம் தெரியவில்லை. தோண்டிப் பார்த்தால், ஒரே ஒரு சேனல் திறக்க 20 நொடி எடுக்கிறது. ஒரு விளையாட்டு ரசிகர்களின் பொதுக்குழு அது. உள்ளே போய்ப் பார்த்தால் அந்தச் சேனலில் இருந்தது ஒரே ஒரு செய்தி. மற்ற லட்சோபலட்சம் செய்திகளை யாரோ நிரல் வைத்து நீக்கியிருந்தார்கள். அந்த ஒரு செய்தியைக் காட்ட, நீக்கப்பட்ட அத்தனையையும் மெமரியில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

அவர்கள் செய்த தீர்வைக் கவனியுங்கள். கல்லின் ஆயுளை 10 நாளிலிருந்து 2 நாளாகக் குறைத்தார்கள். எங்கள் ஆள் செய்ததும் குறைத்ததுதான். ஆனால் டிஸ்கார்ட் அப்படிக் குறைக்க முடிந்ததற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: நாங்கள் ரிப்பேரைத் தினமும் இரவு ஓட்டுகிறோம். காத்திருக்கும் நாளைக் குறைத்தவர்கள், செய்தி சொல்லப் போவதைக் கூட்டி வைத்திருந்தார்கள். கூடவே, வெறுமையாகக் கிடக்கும் பகுதிகளைக் குறித்துவைத்து அங்கே தேடப் போகாமலிருக்கும்படி நிரலையும் மாற்றினார்கள்.

பின்னால், 2022ல் அவர்கள் கசாண்ட்ராவை விட்டு வேறு டேட்டாபேஸுக்கு மாறினார்கள். கோடானுகோடி செய்திகளை நகர்த்தும் வேலை 99.9999 சதவீதத்தில் நின்றுவிட்டதாம். கடைசித் துளியை அடைத்துக்கொண்டிருந்தது எது என்றால், ஒருபோதும் அகற்றப்படாத கல்லறைக்கற்களின் குவியல்.

கசாண்ட்ரா என்ற பெயர் கிரேக்கப் புராணத்து ட்ராய் நகர இளவரசியுடையது. வருவதை முன்கூட்டியே சொல்வாள், ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒரே தேடலில் 1,000 கல்லைத் தாண்டினால் இந்த டேட்டாபேஸ் எச்சரிக்கை எழுதும். 1,00,000 தாண்டினால் தேடலையே மறுத்துவிடும். எங்கள் பதிவேட்டிலும் அந்த எச்சரிக்கை வரிவரியாக இருந்தது.

*

இங்கிருந்து தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கலாம். ஏனென்றால் கல்லறைக்கல் சொல்லும் விஷயம் கணினியைவிடப் பெரியது.

"எனக்குத் தெரியாது" என்பதும் "அது இல்லையென்று எனக்குத் தெரியும்" என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ரெண்டு பேர் கையிலும் எதுவும் இல்லை. ஆனால் முதலாமவரிடம் யார் வேண்டுமானாலும் எதையும் கொடுத்துவிடலாம், வாங்கிக்கொள்வார். இரண்டாமவர் வாங்க மாட்டார். நீக்கப்பட்ட ஒன்று நீக்கப்பட்டதாகவே இருக்க, யாராவது அந்த "இல்லை"யைச் சுமந்தாக வேண்டும்.

வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை எல்லோருக்கும் நீக்கினால், நீக்கப்பட்டது என்ற வரி அங்கேயே நிற்கும். அதைப் பார்த்து எரிச்சல்படாதவர் இல்லை. "என்னடா டெலீட் பண்ண?" என்று உடனே கேள்வி வரும். தடயமில்லாமல் போக முடியவில்லையே என்று நமக்குக் கோபம். ஆனால் தடயமே இல்லாமல் போனால், ஏற்கெனவே படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே உரையாடல் ரெண்டு விதமாக இருக்கும். அப்படி ஒரு வரி இருந்திருக்கிறது என்பதே நாளைக்குச் சண்டையாகும்.

நீதிமன்றம்வரை போன கேள்வியும் இதுதான். கீழ்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. எந்தப் பக்கம் சரி என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்த அமர்வு கேட்டது தீர்ப்பையே அழிப்பதை இல்லை. தீர்ப்பு இருக்கட்டும், பெயர் மட்டும் மறையட்டும் என்பதைத்தான். கல் நிற்கும், கல்லில் பெயர் இருக்காது. மறக்கப்படும் உரிமை என்று நாம் பேசுவது நடைமுறைக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அழிப்பு என்பது ஒரு பொத்தான் இல்லை. பிரதி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி, ஒவ்வொருவரும் சம்மதித்து, யாரும் மறுபடி பழைய பிரதியோடு வராதபடி பார்த்துக்கொள்ளும் நீண்ட வேலை.

*

நம் ஊர்களில் இந்த வேலைக்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது: இழவு சொல்வது.

ஒருவர் இறந்தால் உறவுமுறை இருக்கும் ஊருக்கெல்லாம் ஆள் போக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் ஆயுசுக்கும் மனஸ்தாபம். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே" என்று பல வருஷம் கழித்தும் கேட்பார்கள். சின்ன வயதில் எனக்கு இது வீண் கௌரவம் மாதிரிதான் தெரிந்தது. இப்போது வேறு மாதிரி புரிகிறது. சொல்லப்படாத ஒருவர் ஆறு மாதம் கழித்து வாசலில் வந்து நிற்பார், நல்ல மனசோடு, சிரித்துக்கொண்டே. "எங்கே மாமாவக் காணோம்? வெளில போயிருக்காரா?" என்பார். அந்தக் கேள்வியில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அத்தை அந்த மரணத்தை அந்த நிமிஷம் மறுபடி தன் வாயால் சொல்ல வேண்டும். பதினாறு நாள் காரியமும் பத்திரிகையும் ஊருக்குச் சொல்வதும் அத்தையை அந்த நிமிஷத்திலிருந்து காப்பாற்றத்தான். ஊரே கொஞ்ச நாள் கல்லைச் சுமக்கும், அத்தை தனியாகச் சுமக்காமலிருக்க.

இதை அழகான வழக்கம் என்று நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த ஆள் யார்? ராத்திரியில், வெயிலில், மைல்கணக்கில் நடந்து போய் இழவு சொன்னவர்கள் யார்? பெரும்பாலான ஊர்களில் அது ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது கடமையாகச் சுமத்தப்பட்ட வேலை. கூலி என்று எதையாவது கொடுப்பார்கள், கொடுக்காமலும் விடுவார்கள். போகிற வீட்டில் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லும் உரிமை கிடையாது. அதை எதிர்த்தவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். ஊர் தன் துக்கத்தை ஒழுங்காகப் பரப்பி, ஒழுங்காக முடித்துக்கொண்டது. செலவு அந்தத் துக்கத்தில் பங்கே இல்லாதவர்கள் காலில் விழுந்தது.

எனவே "பகிர்ந்த நினைவு", "கூட்டு மறதி" என்றெல்லாம் பேசும்போது எனக்கு இந்தக் கேள்வி நிற்க மாட்டேன் என்கிறது: யார் நடக்கிறார்கள்? எங்கள் கிளஸ்டரில் ஒரு மணி நேரமாகக் குறைத்த ராத்திரி, செலவு மறைந்துபோகவில்லை. சர்வர் பில்லிலிருந்து நழுவி, எங்கோ ஒரு வீட்டில் இருந்த ஒரு அம்மாவின் மடியில் போய் விழுந்தது. மெமரி வரைபடத்தில் அதற்குக் கோடு கிடையாது.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது கூட வேலை செய்யும் அண்ணன் ஒருத்தர் கேட்டார்: "ஒரே ஒரு எஸ்.எம்.எஸ்.தானே தம்பி. அன்னிக்கு கிளஸ்டர் மொத்தமா விழுந்திருந்தா எத்தன பேருக்கு நினைவூட்டல் போயிருக்காது? அதுல ஒருத்தர் மாத்திர போட மறந்து செத்திருந்தா?" இது லேசான வாதம் இல்லை. அந்த ராத்திரி எண்ணைக் குறைத்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. மூச்சுத் திணறும் ஒன்றுக்கு முதலில் காற்று கொடுக்க வேண்டும். என் சண்டை அதற்கு அடுத்த காலையோடுதான். காத்திருப்பதைக் குறைத்தார்கள் சரி, சொல்லப் போவதைக் கூட்டினார்களா? இல்லை. வரைபடம் அழகாக இருந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை.

வெளியே போயிருக்கும் ஒருவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? நியாயமான பதில்கள் மூன்றுதான் எனக்குத் தெரிகின்றன. அவர் திரும்பும்வரை கல்லை வைத்துக் காத்திருப்பது ஒன்று. காத்திருக்க வசதியில்லையென்றால் ஆள் அனுப்பிச் சொல்வது இரண்டு. இரண்டும் முடியாத அளவு நாளாகிவிட்டால், திரும்பி வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி "உன்கிட்ட இருக்கிற எதையும் நம்பாத, முதல்லேர்ந்து கேட்டுக்க" என்பது மூன்று. நோடுக்கு இது விதி: கல்லின் ஆயுளைத் தாண்டி வெளியே இருந்த நோடைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். மனிதர்களைத் துடைக்க முடியாது. இருபது வருஷம் கழித்து ஊர் திரும்புகிறவர் பழைய ஊரோடுதான் வருவார். உட்காரவைத்து, யார் யார் போனார்கள் என்று பொறுமையாகச் சொல்லத்தான் வேண்டும். காத்திருக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன், அவர் வரும்போது கவனிக்கவும் மாட்டேன் என்பது மட்டும் பதில் இல்லை. ஆனால் அதுதான் எல்லாவற்றையும்விட மலிவு. அதனால் அதுதான் எங்கும் நடக்கிறது.

மெமரியை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம். ஹீப் பெரிதானால் நிரம்ப நாளாகும், நிரம்பியபின் அள்ளவும் அதிக நேரம் ஆகலாம். கேள்வி தள்ளிப்போகும், தீராது.

*

என்றென்றைக்கும் கல்லை வைத்திருப்பதும் தீர்வில்லை. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கம் சானூரில், பெருங்கற்கால ஈமக்கல் வட்டங்கள் இருக்கின்றன. 1950களில் தொல்லியல் துறை அகழ்ந்து பார்த்த இடம். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் அந்தக் கற்கள் "இங்கே ஒருவர் இல்லை" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. யார் இல்லை, யாருக்கு இல்லை என்பது போய்விட்டது. செய்தி சேர வேண்டிய எல்லோரும் போனபின் கல்லுக்கு அகழ்வாராய்ச்சியில்தான் வேலை. எங்கள் வரிசை டேபிளில் குவிந்தவையும் அப்படித்தான். அனுப்பி முடித்த எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் 10 நாள் துக்கம் தேவையில்லை. எதற்கு எவ்வளவு நாள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டதில்தான் ஒரு மனிதரின் மரணமும் ஒரு பழைய எஸ்.எம்.எஸ்.ஸும் ஒரே எடைக்கு வந்தன.

நாங்கள் செய்தது சாதாரணமானது. தொடர்பு எண்கள் இருக்கும் டேபிளுக்கு 10 நாளைத் திரும்பக் கொண்டுவந்தோம். வரிசையை நாள்வாரியாக உடைத்து, முடிந்த நாளை ஒரேயடியாகத் தூக்கியெறியும்படி மாற்றினோம். ரிப்பேர் முடிந்ததா என்று தினமும் ஒருவர் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தோம். அந்த ஒருவருக்கு அதற்கென்று வேலை நேரத்தில் இடம் ஒதுக்கச் சொல்லித்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது.

அந்த அம்மாவை மறுபடி அழைத்து, இந்தமுறை மூன்று இடத்திலும் பார்த்துவிட்டேன், இனி வராது என்று சொன்னேன். சரிப்பா என்றார். பிறகு, நான் கேட்காமலே, "அந்த போன் எங்கிட்டதான் இருக்குது. தெனம் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். ஃபோட்டோல்லாம் அதுலதான் இருக்குது" என்றார்.

நீக்கச் சொன்னவர் மறக்க விரும்புகிறார் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் மறக்கக் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்.